சேம அச்சும் ஸ்டேஷன் வாகனும்

ஒரு பொருளுக்கு இரு நாட்டார் இட்ட இரு பெயர்களுள் அதன் வரலாறே அடங்கிக் கிடப்பதுண்டு. புகையிரத நிலையத்தில் இறங்குவோரையும் அவர்தம் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றிவரப் பயன்பட்டமையால் அமெரிக்கர் ஒருவகை வண்டியை ‘ஸ்டேஷன் வாகன்’ என்றனர். நாட்டுப்புறப் பெருநிலங்களில் ஆளையும் பொருளையும் ஒருங்கே சுமந்தமையால் ஆங்கிலேயர் அதனையே ‘எஸ்டேட் கார்’ என்றனர். மொனராகலையில் வாழும் எமக்கு இரு பெயரும் பொருந்துவனவே. 1924ஆம் ஆண்டிலே பதுளையை எட்டிய புகையிரதப் பாதை அவ்வூரோடு நின்றுவிட்டது. நிலையத்துக்குப் போவதற்கே எமக்கு வண்டி வேண்டும். எஸ்டேட்டுகளுக்கோ குறைவில்லை, இறப்பர்த் தோட்டங்கள் எம்மைச் சூழ்ந்து நிற்கின்றன.

இங்கே ஒருவர் ஸ்டேஷன் வாகன் வாங்கினார் என்றால், பெரும்பாலும் அது பிறர் பல்லாண்டு ஓட்டிய வண்டியாகவே இருக்கும். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025ஆம் ஆண்டு பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறியது. 1979இல் தோன்றிய தலைமுறையைச் சேர்ந்த டொயோட்டா கொரோலா ‘டீஎக்ஸ் வாகன்’ இன்றும் எம்மவரிடையே விரும்பித் தேடப்படுகின்றது. சேமிப்பையும் கடனையும் கூட்டி இத்தகைய வண்டியொன்றை வாங்கும் ஆசிரியரிடம் பின்னர் எஞ்சுவது சிறுதொகையே. அச்சிறுதொகையை முதலில் எதற்குச் செலவிடுவது? இதுவே ஈண்டு ஆராயத்தக்க வினா.

பெரும்பாலார் முதலில் வண்ணம் பூசுவர். இருக்கைக்கு உறை தைப்பர். எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டுவர். இவை தவறு என்பதன்று. ஆனால் முறை பிறழ்ந்தவை. கண்ணுக்குப் புலப்படாதனவற்றுக்கே முதற் செலவு உரியது. வண்டியை நிறுத்துவது முதலாவது. அதன் வெப்பத்தைத் தணிப்பது இரண்டாவது. உராய்வைக் குறைப்பது மூன்றாவது. அழகு எல்லாவற்றுக்கும் பின்னரே.

வண்டியின் வயதை அறிய ஓட்டமானியை மட்டும் நம்புதல் பேதைமை. பழைய வண்டிகள் பலவற்றில் அது ஐந்து இலக்கமே காட்டும். 99,999 கடந்ததும் சுழியிலிருந்து மீண்டும் பிறக்கும். பின்னோக்கிச் சுழற்றுவாரும் உளர். தேய்ந்த மிதியும், வழவழத்த சுக்கானும், நைந்த இருக்கை விளிம்பும் பொய்யுரைப்பதில்லை. அன்றியும், ஓடிய தூரம் ஒன்றே வண்டியை முதுமைப்படுத்துவதில்லை. 1953 முதல் 1971 வரை இங்கிலாந்திலே செய்யப்பட்ட மொரிஸ் மைனர் ட்ரவலர் என்னும் ஸ்டேஷன் வாகனை நோக்குக. அதன் பின்னுடல் மரச்சட்டத்தால் ஆயது. அச்சட்டம் அலங்காரமன்று, உடலைத் தாங்கும் எலும்பேயாகும். எத்துணைத் தூரம் ஓடினும் தளராத அவ்வண்டிகள், மரப் பொருத்துகளில் நீர் தங்க விட்டபோது உளுத்தன. ஓட்டம் அன்று, அசட்டையே வண்டியைக் கொல்வது.

இனி நிறுத்தும் முறையைக் காண்போம். எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்குவோர் ஏறத்தாழ 800 மீற்றர் உயரத்தை ஒரே இறக்கமாக இழக்கின்றனர். இடைவிடாது பிரேக்கை மிதித்தால் சக்கரத்தினுள்ளே வெப்பம் பெருகும். உராயும் பட்டையின் பிடிப்புக் குன்றும். இஃதொரு கேடு. மற்றொன்று பிரேக் எண்ணெயால் வருவது. அவ்வெண்ணெய் காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்பினது. ‘டொட் 3’ வகை எண்ணெய் புதிதாயிருக்கையில் 205 பாகை செல்சியசுக்குக் குறைந்து கொதித்தலாகாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அவ்வெல்லை 140 பாகையாகத் தாழ்கின்றது. கொதித்தால் ஆவி தோன்றும். எண்ணெய் அமுங்காது; ஆவியோ அமுங்கும். மிதி தரையைத் தொடும், வண்டி நில்லாது. ஆதலின் வாங்கிய முதற்கிழமையிலேயே பழைய எண்ணெயை முற்றும் வெளியேற்றிப் புதியது நிரப்புக. பின்னர் இரண்டாண்டுக்கொருமுறை மாற்றுக. எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரில் இறங்குவதே மலைநாட்டுச் சாரதிகளின் பழைய விதி. 2025 செப்டெம்பர் 4ஆம் நாளிரவு இப்பாதையிலே பேருந்தொன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டனர். அப்பாதையில் வண்டி செலுத்துவோர் அவர்களை எண்ணியேனும் தம் பிரேக்கை ஆராய்தல் வேண்டும்.

வருமான அனுமதிப்பத்திரம் பெறுதற்கு ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் காட்டுகிறோம். அது புகையை அளக்கும், பிரேக்கை அளக்காது. அச்சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ‘வண்டி நலமாக உள்ளது’ என்று அமைதல் கூடாது.

வெப்பத்தைத் தணிப்பது அடுத்தது. கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர் பண்டாரவளையில் ஏறத்தாழ 96 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடியின் வில்லே உள்ளழுத்தத்தைக் காத்து அக்கொதிநிலையை உயர்த்துகின்றது. எனவே மூடி தளர்ந்தால் மலையேற்றத்தில் இயந்திரம் கொதிக்கும். எம் வறண்ட வலயத்துக் கிணற்று நீர் பலவிடத்தும் கடினநீர். அதனை ஊற்றினால் கேத்தலின் அடியிற் படியும் சுண்ணாம்பு போன்றே ரேடியேட்டரின் குழாய்களிலும் படிந்து அடைக்கும். காய்ச்சி வடித்த நீரையும், அதனோடு கலத்தற்குரிய குளிர்விப்புத் திரவத்தையுமே பயன்படுத்துக. வெப்பம் மிகுகிறதென்று ‘தேர்மோஸ்டற்’றைக் கழற்றி எறிவது நோயை விடுத்து நாடியை வெட்டுவது போலாம்.

இயந்திர எண்ணெயையும் அதன் வடிகட்டியையும், விற்றவர் என்ன சொன்னபோதிலும், உடனே மாற்றுக. வால்வுகளை இயக்குவது சங்கிலியா பட்டியா என்று மெக்கானிக்கிடம் கேட்டறிக. பட்டியாயின், அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்குச் சான்று இல்லாதவிடத்து மாற்றிவிடுதலே அறிவு. பட்டி அறுந்தால் இயந்திரமே பாழாதல் கூடும்.

இறப்பர் வெட்டும் ஊரார் இறப்பரின் குணத்தை அறியாதிருத்தல் நாணத்தக்கது. பிரேக் உருளையின் வளையங்களும், நீர்க்குழாய்களும், வில்லின் புஷ்களும் இறப்பர் இனத்தனவே. வெயிலாலும் வெப்பத்தாலும் அவை வெடிக்கும். பிரேக்கில் மறந்தும் இயந்திர எண்ணெயை ஊற்றலாகாது; வளையங்கள் ஊதிக் கெடும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலிரண்டும் கிழமை, பின்னிரண்டும் ஆண்டு. ‘2318’ என்றிருப்பின் 2018ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் அது பிறந்தது. தடம் தேயாதிருந்தும் முதுமையால் வெடிக்கும் டயர்கள் உண்டு.

இனிச் சுமை. இடம் இருந்தால் ஏற்றத் தோன்றும். ஸ்டேஷன் வாகனின் கேடே அதன் இடம்தான். கதிர்காமத் திருவிழாவுக்குப் புறப்படும் குடும்பம் அயலாரையும் அழைக்கும். பின்புறத்திற் சமையற் பாத்திரமும் அரிசியும் ஏறும். அப்போது பின்வில் தாழும். முன்விளக்கு வானை நோக்கி எதிரே வருவோர் கண்ணைக் கூசச்செய்யும். நிற்க வேண்டிய தூரம் நீளும். மயிலிறகேயாயினும் அளவு மிஞ்சி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் 475ஆம் குறளில் உணர்த்தினார். மொனராகலை என்னும் சிங்களப் பெயருக்கு மயிற்பாறை என்பது பொருள். மயிலின் பெயரால் வழங்கும் ஊரிலிருந்து வண்டி செலுத்துவோர் அக்குறளை மறத்தல் தகுமா?

புறநானூற்றின் 102ஆம் பாட்டிலே ஔவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடுகின்றார். மேடு பள்ளத்தில் என்ன நேருமோ என்று அஞ்சும் உப்பு வணிகர் வண்டியின் கீழே கட்டிக்கொண்ட சேம அச்சுக்கு அவனை உவமிக்கின்றார். எத்துணை நுண்ணிய கண்! தமிழன் வண்டியோடு உதிரியுறுப்பும் கொண்டு சென்றான் என்பதைப் பெருமையுடன் மேடையிற் கூறுகிறோம். எம் வண்டியின் சேமச் சக்கரத்திற் காற்று உள்ளதா என்று பார்க்கிறோமா? ஜக்கி, கைவிளக்கு, விசிறிப் பட்டி ஒன்று, நீர்ப்போத்தல் ஒன்று: இவையே இன்றைய சேம அச்சு.

வீண்பேச்சன்று இது. 2016இல் தொடங்கிய 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை நாட்டுக்குப் பெருங்கொடை. எனினும் தோட்டத்துக் குறுகிய பாதையில், நள்ளிரவில், நோவெடுத்த தாயை ஏற்ற அயலார் முதலில் தட்டுவது வண்டியுள்ள வீட்டின் கதவையே. அவ்வேளையில் ‘நாளை பார்த்துக்கொள்வோம்’ என்று தள்ளிவைத்த சிறுபழுது ஒரு பெருவினாவாக எழுந்து நிற்கும். தோட்டப்புறத்திலே வண்டி ஒருவருடைய பெயரில் இருக்கும், பயனோ ஊருக்குரியது.

முடிவாக ஒன்று. ஆசிரியரின் கைக்கு வரவுப் பதிவேடு பழகியது. அதுபோலவே வண்டிக்கும் ஓர் ஏடு வகுத்தல் வேண்டும்: நாள், ஓட்டமானியின் எண், மாற்றிய பொருள், கொடுத்த விலை. சில மாதங்களில் அவ்வேடு வண்டியின் இயல்பை உரைக்கும்; எண்ணெய் எவ்வளவு குறைகின்றது, எந்த உறுப்பு எப்போது தளர்கின்றது என்பன தெளிவாகும். பழைய வண்டி வாங்குவோர் அனைவரும் படும் பெருந்துன்பம் அதன் சென்றகாலம் தெரியாமையே. ஒருநாள் நாமும் அதனை விற்போம். அன்று திறப்போடு அவ்வேட்டையும் வாங்குபவரின் கையிற் கொடுப்போமாயின், நமக்குக் கிட்டாத உண்மை அவருக்குக் கிட்டும். விலை சிறிது குறையினும் குறைக. அவர் பிள்ளைகளும் அதே இறக்கத்திலேதான் இறங்கவேண்டும்.