வீட்டுத் தொட்டியில் கடல் சாமந்தி

கடல் சாமந்தி பூவல்ல. பவளத்துக்கும் சொறிமுட்டைக்கும் உறவான விலங்கு. மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் மணலில் புதைந்து வாழும் கம்பள வகைக்கு, மடிந்த வட்டின்மேல் குட்டையான உணர்கொம்புகள் நெருக்கமாக இருக்கும். தொட்டால் விரலில் பசைபோல் ஒட்டும். குமிழ்நுனி வகை பாறை இடுக்கில் காலூன்றும். கொம்பு நுனிகள் சிறு பல்புபோல் உப்பியிருக்கும். பாறையோடு ஒட்டி வரும் கண்ணாடிபோன்ற பழுப்பு நிறக் குட்டிச் சாமந்தி ஐப்டேசியா. அது தொட்டி முழுக்கப் பெருகும் தொல்லை.

வாங்கும்போது பார்க்கவேண்டியது நிறத்தை அல்ல, வாயை. வாய் இறுகி மூடியிருக்கவேண்டும், பாதம் கிழியாதிருக்கவேண்டும். பளீரென்ற வெள்ளை அழகல்ல; உடலுக்குள் வாழ்ந்து உணவு தரும் நுண்பாசியை இழந்த அடையாளம். பளிச்சென்ற மஞ்சள் பெரும்பாலும் சாயம்.

தொட்டி ஆறு மாதமாவது ஓடிப் பழகியிருப்பது நல்லது. உப்படர்த்தி 1.025, வெப்பம் 25 முதல் 27 டிகிரி. அய்யம்பாளையம் போன்ற மலையடிவார ஊரில் கடல்நீருக்கு வழியில்லை. செயற்கைக் கடலுப்பைத் தூயநீரில் கரைக்கவேண்டும். கொடைக்கானல் குளிருக்கு ஹீட்டர் இல்லாமல் முடியாது. சாமந்தி வந்த பையின் நீரில் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒரு மணிநேரம் கலந்தபின் இறக்கலாம். இடம் பிடிக்கவில்லையென்றால் அது ஊர்ந்து போகும். ஆகவே பம்பின் உறிஞ்சுவாயை வலையால் மூடுவது அவசியம். வலுவான விளக்கு, வாரம் ஒன்றிரண்டு முறை நகத்தளவு இறால் துண்டு போதும். செம்பு கலந்த மீன் மருந்து இதற்கு விஷம்.

மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுப் பகுதியில் உயிரினங்களை எடுப்பது குற்றம். ஆகவே வளர்ப்பில் பிரித்துப் பெருக்கிய சாமந்தியே தகுந்தது.