'வாங்கு' என்று அழுத்தும் முன்

2009 ஜூலையில், அமெரிக்காவில் ஆர்வெல்லின் '1984' மின்னூலைக் காசு கொடுத்து வாங்கிப் படித்துக்கொண்டிருந்த சிலரின் கிண்டிலிலிருந்து அந்த நூல் மறைந்துபோனது. விற்றவருக்கு அதை விற்கும் உரிமையே இல்லை என்று தெரியவந்ததும், அமேசான் தன் இடத்தில் இருந்தபடியே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தந்தது. ஒரு பள்ளி மாணவர் வகுப்புக்காக எழுதிவைத்த குறிப்புகள், சுட்டிக்காட்டப் பக்கம் இல்லாமல் நின்றன. வழக்கு வந்தது, அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோதும் விலை முழுதாகத் திரும்பியது, நூல்கள் போயின. குறிப்பெழுதி வைத்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கிடைத்தது.

வரலாறும் மருத்துவமும் படிக்கிறவர்களுக்கு இந்த இழப்பு பெரிது. கதையை ஒருமுறை படித்துக் கடந்துவிடலாம். வரலாற்று, மருத்துவ நூல்களுக்கோ அடிக்கோடிட்ட இடத்தைத் தேடிப் பத்து வருடம் கழித்தும் திரும்பி வருவோம். பெரும்பாலான கடைகளில் நாம் வாங்குவது நூலை அல்ல, படிக்கும் அனுமதியை. நண்பருக்குக் கொடுக்கவோ பழைய புத்தகக் கடையில் போடவோ முடியாது. இதை விற்கும்போதே வெளிப்படையாகச் சொல்லவேண்டும் என்று கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல் சட்டம் இருக்கிறது. இந்தியாவில் நாம்தான் விதிமுறைகளைத் திறந்து பார்க்கவேண்டும். பூட்டில்லாத ஈபப் கோப்பாகத் தருகிற பதிப்பகம் இருந்தால் அங்கேயே வாங்குங்கள். ரசீதையும் குறிப்புகளையும் தனியே சேமியுங்கள்.

ஒலிநூல் செயலிகளில் சிக்கல் சந்தாவில் வருகிறது. செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. யுபிஐ ஆட்டோபேயிலோ கார்டு கணக்கிலோ போய் ரத்து செய்யவேண்டும். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் குறுஞ்செய்தியைப் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள்.

வாங்கிய நூல் திறக்கவில்லை, பணமும் வரவில்லை என்றால் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போகவேண்டும், கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. இருநூறு ரூபாய் நூலுக்கு இவ்வளவா என்று விட்டுவிடாதீர்கள்.

டெலிகிராமில் சுற்றும் பிடிஎஃப்களையும் ஒலிக்கோப்புகளையும் தொடவேண்டாம். பல வருடம் அலைந்து எழுதியவரின் கூலி அது. இலவசமாகவே வேண்டுமென்றால் தமிழ் நூல்களை மின்னூலாகத் தந்து 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டம் இருக்கிறது. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்தால் எழுத்து பொதுவுடைமை. ஆனால் அதை இன்று ஒருவர் வாசித்துப் பதிவு செய்தால், அந்தப் பதிவுக்குத் தனி உரிமை உண்டு.

பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்லவேண்டும். பார்வையற்ற ஒருவருக்காக எந்த நூலையும் வாசித்துப் பதிவு செய்து, லாபமின்றிக் கொடுக்க 2012 திருத்தத்துக்குப் பின் பதிப்புரிமைச் சட்டமே இடம் தருகிறது. பதிப்பாளரிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் தெருவில் தேர்வுக்குப் படிக்கிற அப்படியொரு பிள்ளை இருந்தால், இன்று மாலையே கைப்பேசியில் முதல் பாடத்தை வாசித்துக் கொடுக்கலாம்.