என்ஜின் மூச்சுத் திணறுகிறதா? வாயைப் பெரிதாக்கினால் போதுமா?

"சென்னையில் நன்றாக இழுத்த வண்டி. பெங்களூருக்குக் கொண்டு வந்த பிறகு மேம்பாலம் ஏறவே முக்குகிறது. என்ன கோளாறு என்றே தெரியவில்லை!"

ஊரிலிருந்து வண்டி கொண்டு வந்த நம்மவர்கள் பலர் இப்படி அலுத்துக் கொள்வதைக் கேட்டிருப்பீர்கள்.

உடனே பக்கத்தில் இருக்கும் நண்பர் ஒருவர் யோசனை சொல்வார். "திராட்டில் பாடியைப் பெரிதாக்கிவிடு. பீனியாவில் லேத் பட்டறையில் கொடுத்தால் குடைந்து தருவார்கள். அதற்கு அடுத்த காற்று அறையையும் பெரிதாக்கினால் வண்டி பறக்கும்!"

செலவைக் கேட்டால் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடும். வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவருக்கும், வீடு வீடாகப் பார்சல் கொண்டு செல்லும் இளைஞருக்கும் வண்டிதான் சோறு போடுகிறது. அதில் கைவைப்பதற்கு முன் விஷயத்தைத் தெரிந்து கொள்வது நல்லது அல்லவா?

நிமிடத்துக்கு இரண்டரைத் தொட்டி காற்று

என்ஜின் பெட்ரோல் குடிக்கிறது என்கிறோம். உண்மையில் அது அதிகமாகக் குடிப்பது காற்றைத்தான்.

1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். 1 லிட்டர் பெட்ரோலுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 9 ஆயிரம் லிட்டர் காற்று ஆகிறது.

1000 சி.சி. கார் என்ஜின் ஒன்றை எடுத்துக் கொள்வோம். அது நிமிடத்துக்கு 6 ஆயிரம் முறை சுழல்கிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை காற்றை உள்ளே இழுக்கிறது. அப்படியானால் நிமிடத்துக்கு 3 ஆயிரம் லிட்டர் காற்று உள்ளே போக வேண்டும். சாதாரண என்ஜின்களால் முழு அளவும் இழுக்க முடிவதில்லை. 85 சதவீதம் என்று வைத்துக் கொண்டாலும் 2,550 லிட்டர். மொட்டை மாடியில் வைக்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியில் இரண்டரைத் தொட்டி!

காற்று போகும் பாதை

இந்தக் காற்று முதலில் பில்டரில் வடிகட்டப்படுகிறது. பிறகு ஒரு குழாய் வழியாகத் திராட்டில் பாடிக்கு வருகிறது. அதற்குள் வட்டமான தகடு ஒன்று ஒரு தண்டில் பொருத்தப்பட்டிருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் தகடு திறக்கும். காலை எடுத்தால் மூடும். கதவு மாதிரி.

கதவைத் தாண்டியதும் ஓர் அறை. அதைத்தான் பிளீனம் என்கிறார்கள். காற்று அங்கே சற்றுத் தங்கி, தனித்தனிக் குழாய்கள் வழியாக ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரிந்து போகிறது. கடைசியில் வால்வு திறந்தால் சிலிண்டருக்குள் நுழைகிறது.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி நாடெங்கும் அமலுக்கு வந்த பிறகு, பெரும்பாலான புதிய இரு சக்கர வண்டிகளிலும் கார்புரேட்டர் போய்த் திராட்டில் பாடி வந்துவிட்டது. ஆகவே இது கார்க்காரர்களுக்கு மட்டுமான விஷயம் அல்ல.

பெங்களூரின் உயரம்

ஊரில் இழுத்த வண்டி இங்கே ஏன் முக்குகிறது?

சென்னை கடலோரம் இருக்கிறது. பெங்களூரோ கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய 10 சதவீதம் குறைவு. அதே அளவு காற்றை இழுத்தாலும் அதில் எடை குறைவு. அதனால் டர்போ இல்லாத என்ஜினின் முழு சக்தியும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குக் குறைகிறது. இங்குள்ள குளுமை அதில் கொஞ்சத்தை ஈடு செய்கிறது, முழுவதையும் அல்ல.

ஆகவே உங்கள் வண்டியில் கோளாறே இல்லாமல் இருக்கலாம். மெதுவாக ஓட்டும்போது இது தெரியாது. முழு மிதி மிதித்து மேடு ஏறும்போதுதான் தெரியும்.

கதவை அகலப்படுத்தினால் இந்தக் குறை தீருமா? வெளியே இருக்கும் காற்றே மெல்லியது. கதவு என்ன செய்யும்?

கணக்கு என்ன சொல்கிறது?

மேலே சொன்ன 1000 சி.சி. என்ஜினுக்கு 40 மில்லிமீட்டர் வாய் இருப்பதாக வைத்துக் கொள்வோம். அதை 44 ஆகக் குடைந்தால் பரப்பு 21 சதவீதம் கூடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் 40 மில்லிமீட்டர் வாயில் காற்று எவ்வளவு வேகத்தில் போகிறது? மணிக்குச் சுமார் 120 கிலோமீட்டர். அந்த வேகத்தில் அழுத்தம் குறைவது நூற்றில் ஒரு பங்கு கூட இல்லை. வாயை எவ்வளவு பெரிதாக்கினாலும் திரும்பக் கிடைப்பது அந்த ஒரு பங்குக்குள்தான்!

பெரிய தடை பெரும்பாலும் கடைசியில் இருக்கும் வால்வில்தான் இருக்கிறது. மெஜஸ்டிக்கில் பஸ் நிலைய வாசலை அகலப்படுத்திவிட்டு, பஸ்ஸின் படிக்கட்டை அப்படியே விட்டால் கூட்டம் சீக்கிரம் ஏறிவிடுமா?

பறப்பதுபோல் தோன்றுவது ஏன்?

"நான் மாற்றினேன். வண்டி பறக்கிறதே!" என்று சிலர் சத்தியம் செய்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

பெரிய வாயில் தகடு கொஞ்சம் திறந்தாலே அதிகக் காற்று போகும். கால் மிதி லேசானாலும் வண்டி துள்ளும். முன்பு பாதி மிதித்தால் கிடைத்தது இப்போது அதைவிடக் குறைவாக மிதித்தாலே கிடைக்கிறது. ஆனால் முழுவதும் மிதித்தால்? பழைய சக்தியேதான். கால் ஏமாறுகிறது, மனமும் சேர்ந்து ஏமாறுகிறது.

அறையை மாற்றினால்?

பிளீனத்தின் விஷயம் இன்னும் நுட்பமானது. வால்வு திறந்து மூடும்போது குழாய்களில் காற்று அலை அலையாக முன்னும் பின்னும் ஓடுகிறது. அந்த அலை சரியான நேரத்தில் வந்து சேர்ந்தால் சிலிண்டரில் கூடுதல் காற்று நிறையும். நீளமான, ஒல்லியான குழாய்கள் குறைந்த சுற்றில் இழுவை தரும். குட்டையான, பருத்த குழாய்கள் அதிகச் சுற்றில் சக்தி தரும்.

பந்தய வண்டிகள் எப்போதும் அதிகச் சுற்றில் ஓடுகின்றன. அதனால் அங்கே பெரிய அறையும் குட்டைக் குழாயும் பலன் தரும். சில்க் போர்டு சந்திப்பில் ஊர்ந்து போகிறவருக்கு வேண்டியது குறைந்த சுற்றின் இழுவை. பந்தய வண்டியைப் பார்த்து அறையை மாற்றினால் உள்ளதும் போய்விடும்.

பெரிதாக்குவதைவிட வழுவழுப்பாக்குவது மேல். குழாயின் வாய் கூர்மையான விளிம்போடு இருந்தால் காற்று சுருங்கிப் போகும். தட்டையான தகட்டில் போட்ட கூர்மையான ஓட்டை தன் பரப்புக்கு உரிய ஓட்டத்தில் 60 சதவீதம் அளவே விடுகிறது. அதே ஓட்டையை நாதஸ்வரத்தின் அணைசுபோல விரித்து வளைத்தால் 95 சதவீதத்துக்கு மேல் விடும்.

ஒரு ரூபாய் அளவு ஓட்டை

கல்லூரி மாணவர்கள் தாங்களே கார் கட்டி ஓட்டும் 'பார்முலா பாரத்' போட்டி, கோவை அருகே செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்திருக்கிறது. அங்கே ஒரு விதி. பெட்ரோல் என்ஜினுக்குப் போகும் காற்று முழுவதும் 20 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்றின் வழியாகத்தான் போக வேண்டும். புதிய ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு!

ஓட்டையைப் பெரிதாக்க முடியாது. அதனால் மாணவர்கள் ஓட்டைக்கு முன்னும் பின்னும் குழாயைக் கூம்பு போல மெல்ல விரிக்கிறார்கள். பிளீனத்தின் அளவைக் கணக்கிட்டு, எல்லாச் சிலிண்டருக்கும் சமமாகக் காற்று போகச் செய்கிறார்கள். பட்டறைக்குப் போகும் முன்பே கம்ப்யூட்டரில் பல முறை சோதிக்கிறார்கள். வேலை என்றால் அதுதான் வேலை!

உயிருக்கே ஆபத்து

பண நஷ்டம் ஒருபுறம் இருக்கட்டும். குடைந்த வாய்க்குப் புதிய தகடு மிகத் துல்லியமாக அமைய வேண்டும். சரியாக மூடாவிட்டால் ஐடிலிங் ஏறும். தகடு ஓரத்தில் சிக்கிக் கொண்டால் காலை எடுத்தாலும் வண்டி நிற்காது! தகட்டின் திருகு கழன்றால் என்ஜினுக்குள்ளேயே போய்விழும்.

பிளீனத்தை வெட்டி ஒட்டிய இடத்தில் கசிவு ஏற்பட்டால் கணக்கில் வராத காற்று உள்ளே போகக்கூடும். பெட்ரோல் குறைந்து, சூடு ஏறி, நாக்கிங் வந்து பிஸ்டன் பழுதாகலாம். இப்போதைய வண்டிகளில் பல பிளீனங்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை. வெல்டிங் கதையே அங்கு இல்லை.

சட்டமும் இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி, அனுமதியில்லாமல் உதிரி பாகங்களை மாற்றிப் பொருத்தினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

என்ன செய்யலாம்?

முதலில் ஏர் பில்டரைப் பாருங்கள். அடைத்திருந்தால் மாற்றுங்கள். கார்புரேட்டர் வண்டியில் அடைத்த பில்டர் பெட்ரோலையும் தின்னும். இன்ஜெக்ஷன் வண்டியில் பெரும்பாலும் இழுவையைத்தான் குறைக்கும்.

இரண்டாவது, திராட்டில் பாடியில் படிந்த கரியைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். மின்சாரத்தால் இயங்கும் தகடாக இருந்தால் கையால் அழுத்தக் கூடாது. சுத்தம் செய்த பிறகு ஐடிலிங்கைச் சரி செய்து தரச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, வாய் உண்மையிலேயே சிறியதா என்று சோதிக்க வழி இருக்கிறது. பிளீனத்தில் அழுத்தம் அளக்கும் சென்சார் உள்ள வண்டியாக இருந்தால், மெக்கானிக்கிடம் உள்ள ஸ்கேனரில் அந்த அளவைப் பார்க்கலாம். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால் பெங்களூரில் ஏறக்குறைய 91 காட்டும். பிறகு போக்குவரத்து இல்லாத இடத்தில் மெக்கானிக் ஓட்டி, முழு மிதியில், அதிகச் சுற்றில் பார்க்க வேண்டும். ஓட்டுபவர் ஒருவர், அளவைப் பார்ப்பவர் இன்னொருவராக இருக்கட்டும்.

அப்போது 89, 90 என்று காட்டினால் உங்கள் என்ஜினுக்கு மூச்சு முட்டவில்லை. வாயைக் குடைவது வீண். அளவு வெகுவாக இறங்கினால் தடை வால்வுக்கு முன்னே இருக்கிறது. அங்கும் முதலில் பார்க்க வேண்டியது பில்டரையும் குழாயையும்தான்.

இந்தச் சோதனைக்குச் சில நிமிடங்கள் போதும். குடைந்த பாகத்தை மறுபடி பழையபடி ஆக்க முடியாது. லேத்துக்குக் கொடுப்பதற்கு முன் உங்கள் மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, அழுத்தத்தை அளந்து பார்த்தீர்களா?"