உங்களுக்குத் தெரியுமா? புழுவை ஆணாக்கும் ஊட்டி உருளைக்கிழங்கு!

மேட்டுப்பாளையம் மண்டியில் ஊட்டி உருளைக்கிழங்குக்குத் தனி மவுசு. அந்தக் கிழங்குக்கு மண்ணுக்கடியில் ஒரு பரம எதிரி உண்டு. பெயர் தங்க நூற்புழு!

1961-ல் ஊட்டி விஜயநகரம் பண்ணையில் இதைக் கண்டுபிடித்தவர் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி. இந்தியாவிலேயே அதுதான் முதல் முறை!

புழு பிடித்த செடியை வேரோடு தோண்டி உற்றுப் பாருங்கள். வேர் நெடுகப் பொன் மணிகள்! கடுகைவிடப் பொடிசு. ஒவ்வொன்றும் ஒரு பெண் புழு. செத்த பிறகு அதன் தோலே முட்டைக்கூடாகிவிடும். உள்ளே 500 முட்டைகள் வரை!

மண்ணில் அந்த முட்டைகள் எத்தனை காலம் உயிரோடு கிடக்கும்? 20 ஆண்டுகளுக்கு மேல்! பக்கத்தில் உருளைக்கிழங்கு வேர் ஓடினால் போதும், அதன் கசிவு பட்டதும் விழித்துக்கொள்ளும்!

நிலைமை முற்றி, 1971-ல் நீலகிரி விதைக்கிழங்கு வெளி மாநிலம் போகவே தடை வந்தது!

இந்தப் புழுவுக்கு மசியாத உருளை அர்ஜென்டினா மலைகளில் இருந்தது. சோலானம் வெர்னி என்ற காட்டுச்செடி! அதன் வாரிசு ஒன்றை நம்மூர் வயல்களில் விளைந்த குஃப்ரி ஜோதி என்ற ரகத்தோடு சேர்த்தார்கள். பிறந்தது குஃப்ரி ஸ்வர்ணா. ஆண்டு 1985. புழுவைக் கண்டு 24 ஆண்டுகள் கழித்து!

ஸ்வர்ணா ஒரே கல்லில் இரண்டு மாங்காய். புழுவையும் தாங்கும், இலையைப் பொசுக்கும் கருகல் நோயையும் தாங்கும்!

இனிதான் உச்சக்கட்டம். பெண் புழுவாக வளர வேரில் வயிறாரத் தீனி வேண்டும். எதிர்ப்பு ரகத்தின் வேரில் அது கிடைக்காது. விளைவு? பல குஞ்சுகள் செத்துவிழும். பிழைப்பவற்றில் பெரும்பாலானவை ஆணாகிவிடும்! ஆண் முட்டையிடாதே! ஆக, கிழங்கு விளைய விளைய மண்ணில் புழு குறைகிறது. எந்த மருந்தும் அடிக்காமல்!

இப்படியொரு கலப்பு எப்படி நடக்கிறது? மொட்டு விரியும் முன்பே இடுக்கியால் மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுப்பார்கள். வேறு ரகத்தின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவுவார்கள். காய்ப்பது குட்டிப் பச்சைத் தக்காளி போலொரு காய்! உள்ளே நூற்றுக்கும் மேல் விதைகள் இருக்கலாம். ஒரு விதையில் வரும் செடி மாதிரி இன்னொன்று இருக்காது!

அதில் தேறும் ஒரே ஒரு செடிதான் ரகமாகிறது. பிறகு கிழங்கை வெட்டி நட்டே பெருக்குவார்கள். நீங்கள் பார்க்கும் ஸ்வர்ணா கிழங்கு ஒவ்வொன்றுக்கும் மூலம் எத்தனை விதை தெரியுமா? ஒன்றே ஒன்று!