குளிரில் கிளம்ப மறுக்கும் பழைய பெட்ரோல் வண்டிகள்

நீலகிரியில் கடல் மட்டத்திற்கு 2,000 மீட்டருக்கு மேலே உள்ள ஒரு சிற்றூரில், தை மாதத்து விடியற்காலையில் நாம் கண்ட காட்சி இது. புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்தது. காரட் மூட்டைகள் ஏற்றிய பழைய பெட்ரோல் ஜீப் ஒன்று அரை மணி நேரமாகக் கிளம்பவில்லை. மேட்டுப்பாளையம் சந்தைக்கு நேரமாகிவிட்டதே என்று குடியானவர் தவித்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் பானெட்டைத் திறந்து, காற்று வடிகட்டியைக் கழற்றி, ஒரு பாட்டிலிலிருந்து பெட்ரோலைக் கார்புரேட்டரின் வாயில் ஊற்றினார். உள்ளே இருந்தவர் ஸ்டார்ட்டரை அழுத்தியதும் 'டப்' என்ற வெடிச் சத்தத்துடன் தீ மேல்நோக்கி எழுந்தது. பாட்டில் கையில் இருக்கும்போதே பற்றிக்கொண்டது. ஈரச் சாக்கைப் போட்டு அணைத்ததால் வண்டி தப்பியது. ஓட்டுநரின் வலக்கை வெந்துவிட்டது. அன்று சந்தைக்குப் போக வேண்டிய காரட், பகல் முழுவதும் அங்கேயே கிடந்தது.

இப்போது விற்பனைக்கு வரும் மோட்டார் வண்டிகளில் கார்புரேட்டர் ஏறத்தாழ மறைந்துவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின், மொபெட்டுகளுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும்கூட எரிபொருளை அளந்து பீய்ச்சும் மின்னணு அமைப்பே வந்துவிட்டது. ஆயினும் அதற்கு முன் வாங்கிய மொபெட்டுகளும், ஸ்கூட்டர்களும், ஜீப்புகளும், அம்பாஸடர் கார்களும் கிராமங்களில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றை வைத்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறோம். டீசல் வண்டிகளுக்கு இது பொருந்தாது. அவற்றில் கார்புரேட்டரும் இல்லை, ஸ்பார்க் பிளக்கும் இல்லை.

மண்ணெண்ணெயில் ஓடும் பம்புசெட்டை வைத்து நீர் இறைத்த விவசாயிகளுக்கு இந்த விஷயத்தில் பாதி முன்பே தெரியும். அந்த எஞ்சினை மண்ணெண்ணெயில் துவக்க முயன்றால் கை ஓய்ந்துபோகும். ஆதலால் முதலில் பெட்ரோலில் ஓட்டி, எஞ்சின் சூடேறிய பிறகே மண்ணெண்ணெய்க்குத் திருப்புவார்கள். திரவமாக இருக்கும் எண்ணெய் சிலிண்டருக்குள் எரிவதில்லை. அது ஆவியாகிக் காற்றுடன் கலந்தால்தான் பொறி அதைப் பற்றவைக்கும். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் போதிய அளவு ஆவியாவதில்லை.

பெட்ரோலும் குளிர்காலத்தில் ஓரளவு மண்ணெண்ணெயைப் போலவே நடந்துகொள்கிறது. பெட்ரோல் ஒரே பொருள் அன்று, பல எண்ணெய்களின் கலவை. அவற்றுள் மிக இலேசானவை 35, 40 டிகிரி உஷ்ணத்திலேயே கொதித்துவிடும். கனமானவை கொதிக்க 200 டிகிரி வரை வேண்டும். எஞ்சின் சூடாக இருக்கும்போது எல்லாமே ஆவியாகின்றன. குளிர்ந்திருக்கும்போது இலேசான பகுதி மட்டுமே ஆவியாகி, மற்றது துளித்துளியாகக் குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. 1 கிலோ பெட்ரோல் முற்றிலும் எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். கார்புரேட்டர் அந்த அளவிலேயே பெட்ரோலை விட்டாலும், குளிரில் அதன் ஒரு சிறு பங்குதான் ஆவியாகச் சிலிண்டரை அடைகிறது. ஆகவே பொறி விழும் இடத்தில் எரிவதற்குப் போதிய ஆவி இல்லை. வண்டி முனகுகிறதே ஒழியக் கிளம்புவதில்லை.

இதற்காக ஏற்பட்டதே சோக். கார்களிலும் ஜீப்புகளிலும் அது கார்புரேட்டரின் வாயில் உள்ள ஒரு தகடு. ஓட்டுநர் குமிழை இழுத்ததும் தகடு மூடிக்கொள்ளும், காற்று குறையும், உறிஞ்சும் வேகம் பெட்ரோலின்மேல் அதிகமாக விழும். ஆவியாகும் பங்கு சிறியதாயினும் மொத்தம் மிகுதியாக இருப்பதால் போதிய ஆவி கிடைத்துவிடுகிறது. பல மொபெட், மோட்டார் சைக்கிள்களில் தகட்டுக்குப் பதிலாகப் பெட்ரோலுக்கென்று தனியான சிறு வழி ஒன்று திறக்கும். இந்த வகையில் சோக் போட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரையும் முறுக்கினால் அந்தச் சிறு வழியில் உறிஞ்சல் குறைந்துவிடும்; சோக் போட்டும் பயனில்லை. பலர் பழக்கத்தினால் முறுக்கிக்கொண்டே உதைக்கிறார்கள். முறுக்காமல் இரண்டு, மூன்று முறை நன்றாக உதைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

எஞ்சின் பிடித்துக்கொண்டதும் சோக்கைப் படிப்படியாகக் குறைத்து, சூடேறியதும் முழுவதும் எடுத்துவிட வேண்டும். எடுக்க மறந்து ஐந்து மைல் போகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். கரும்புகையாகச் செலவாகும் பெட்ரோல் ஒருபுறமிருக்க, எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். பிஸ்டன் வளையங்கள் தேய்வதற்கு இதைவிட நேரான வழி வேறில்லை.

மிகுதியாகச் சோக் போட்டு வெகுநேரம் உதைத்தால் வேறொரு தொல்லை வரும். பெட்ரோல் நாற்றம் அடிக்கும். ஸ்பார்க் பிளக் நனைந்து பொறி விழாமல் போகும். இப்போது மேலும் பெட்ரோல் விடுவது வீண். சோக்கை எடுத்துவிட்டு, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திறந்து, பல முறை உதைத்துக் காற்றை உள்ளே விட வேண்டும். அதற்கும் இணங்காவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்து உலர்த்தி மாட்டலாம். நனைந்த பிளக் கையில் இருக்கும்போது அருகில் பீடியும் தீக்குச்சியும் ஆகாது.

எல்லாக் குற்றமும் கார்புரேட்டருடையதன்று. குளிரில் எஞ்சின் எண்ணெய் தடித்துப் போவதால் எஞ்சின் சுழல அதிக வலிமை வேண்டும். அதே குளிரில் பாட்டரியின் வலிமை குறைகிறது. இருக்கும் மின்சாரத்தை ஸ்டார்ட்டர் இழுத்துக்கொண்டபின் பொறிக்கு மிஞ்சுவது சொற்பமே. சமவெளியில் மூடுபனி நாட்களில் கிளம்பாத வண்டிகளில் பெரும்பாலும் ஈரமே காரணம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும், பிளக்குக்குப் போகும் ஒயர்களையும் உலர்ந்த துணியால் துடைத்த மாத்திரத்தில் கிளம்பிய வண்டிகள் பல.

பாட்டரி ஓய்ந்தால் பழைய ஜீப்பைக் கைப்பிடி போட்டுச் சுற்றுவார்கள். கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கைப் போட்டுக்கொண்ட பிறகே சுற்ற வேண்டும். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்து, கைப்பிடியைக் கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். எஞ்சின் திருப்பி அடித்தால் அப்போது கைப்பிடி விரல்களை விட்டு நழுவிவிடும். கட்டைவிரலால் வளைத்துப் பிடித்தவர்களுக்கும், மேலிருந்து கீழே அழுத்தியவர்களுக்கும் மணிக்கட்டு முறிந்தது உண்டு.

மலையில் இருப்பவர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். உதகமண்டலத்தின் உயரம் ஏறத்தாழ 2,240 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. ஆகவே சமவெளியில் சரிசெய்த கார்புரேட்டர் மலையில் தேவைக்கு மேல் பெட்ரோல் விடும். குளிர் சோக் கேட்கிறது. உயரமோ அதைச் சீக்கிரம் எடுக்கச் சொல்கிறது. மேட்டுப்பாளையத்தில் பழகிய ஓட்டுநர் உதகையில் பிளக்கை நனைத்துவிட்டு விழிப்பது இதனால்தான்.

பெட்ரோலின் தன்மையையும் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் கொட்டகையில் நின்ற வண்டியின் டாங்கியிலிருந்து, கிளம்புவதற்கு அவசியமான இலேசான பகுதிதான் முதலில் ஆவியாகிப் போயிருக்கும். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 20 சதவீதம் எத்தனால் சேர்த்த பெட்ரோல் 2023-இல் அறிமுகமாகிப் பின்னர் நாடெங்கும் பரவியது. எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கு மேல் உஷ்ணம் தேவை. அதனுள்ளேயே பிராணவாயு இருப்பதால், பழைய அளவுக்குத் துளையிட்ட கார்புரேட்டரில் கலவை சற்று மெலிந்துவிடும். பழைய ரப்பர்க் குழாய்களையும் வாஷர்களையும் அது கெடுக்கக்கூடும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ரப்பர்க் குழாய்களில் வெடிப்போ கசிவோ உண்டா என்று அடிக்கடி பார்த்து மாற்றிக்கொள்வதும், டாங்கியில் பெட்ரோலை வெகுநாள் தேக்காமல் இருப்பதும் நலம்.

குளிருக்குப் பயந்து கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு எஞ்சினைச் சூடேற்றுகிறார்கள். இது உயிருக்கே ஆபத்து. சோக் போட்டு ஓடும் எஞ்சினின் புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷ வாயு மிகுதி. அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. தலைவலியும் மயக்கமும் வந்தபின் எழுந்து வெளியே போகும் சக்தி இருப்பதில்லை. வண்டியை வெளியே தள்ளி நிறுத்திய பிறகே கிளப்ப வேண்டும்.

அந்த நீலகிரி ஜீப்புக்கு வருவோம். மறுநாள் ஒரு மெக்கானிக் வந்து, ஒருவரை உள்ளே சோக் குமிழை இழுக்கச் சொல்லிவிட்டு, கார்புரேட்டரின் வாயை எட்டிப் பார்த்தார். குமிழ் முழுவதும் வெளியே வந்தது. தகடோ பாதிதான் மூடியது. ஒயர் தளர்ந்து எத்தனை மாதமாயிற்றோ, வெயில் காலத்தில் யாருக்கும் தெரியவில்லை. அவர் ஒரு திருகைத் தளர்த்தி, ஒயரை இழுத்து முடுக்கினார். மூன்றாம் நாள் காலையிலும் உறைபனி இருந்தது. கையில் கட்டுடன் ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்க, அவர் தம்பி ஸ்டார்ட்டரை அழுத்தினார். நான்காம் சுழற்சியில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.