ரோபோ ஓடினால்தான் போட்டி!

ரோபோ என்றதும் நம்மில் பலருக்கு அதன் கைதான் நினைவுக்கு வரும். ஆனால் மாணவர் போட்டிகளில் கை பழுதான ரோபோகூட எதிரணியை மறித்துக்கொண்டு சமாளித்துவிடும். சக்கரம் நின்றுபோனால் அது வெறும் பெட்டிதான்.

அமெரிக்காவில் டீன் கேமன் 1989-ல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு, 1992 முதல் பள்ளி மாணவர்களுக்கு ரோபோ போட்டி நடத்தி வருகிறது. 2024 போட்டியில் எடை வரம்பு 125 பவுண்டு. பேட்டரியும் பம்பரும் இதில் சேராது. சேர்த்தால் சுமார் 70 கிலோ வரும். (பம்பர் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். பிளைவுட் பலகை, அதன்மேல் நீச்சல் குளத்தில் மிதக்கப் பயன்படும் நுரைக் குழாய், மேலே துணி. அவ்வளவுதான்!)

அடிச்சட்டத்தை அலுமினியப் பெட்டிக் குழாயிலோ, மடித்த தகட்டிலோ செய்கிறார்கள். சுமார் 6 கிலோ பேட்டரியை முடிந்தவரை தாழ்வாக வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மோதும்போது ரோபோ கவிழும்.

அடுத்தது சக்கரம். பல ரோபோக்களில் காரைப் போல முன்சக்கரம் திரும்பாது. இடப்பக்கச் சக்கரங்களும் வலப்பக்கச் சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல்வதால்தான் ரோபோ திரும்புகிறது. நீளமான சட்டத்தில் நான்கு ரப்பர் சக்கரம் போட்டால், திரும்பும்போது அவை பக்கவாட்டில் தரையைத் தேய்த்துத் துள்ளும். எனவே ஆறு சக்கரம் வைத்து, நடுவில் உள்ள இரண்டை மட்டும் 3 மி.மீ. தாழ்த்துகிறார்கள். ஒரு நேரத்தில் நான்கு சக்கரமே தரையைத் தொடும். ரோபோ லேசாக ஆடும், ஆனால் சுலபமாகத் திரும்பும்.

இனி கியர். மாணவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். பல ஆண்டுகள் இப்போட்டியில் வழக்கமாக இருந்த சிம் மோட்டார், சுமையின்றி நிமிடத்துக்கு 5310 சுற்று சுற்றும். கியர் விகிதம் 10.71, சக்கர விட்டம் 6 அங்குலம் என்றால், கணக்குப்படி வேகம் விநாடிக்கு 4 மீட்டர். கேட்கவே ஜோர்!

எதிரணி ரோபோவைத் தள்ளும்போது என்ன ஆகும்? டயர் நன்றாகப் பிடித்தால் இழுவிசை கிட்டத்தட்ட ரோபோவின் எடைக்குச் சமமாகும். சக்கரம் வழுக்கும் நிலையை எட்ட, நான்கு மோட்டாரில் ஒவ்வொன்றும் 66 ஆம்பியர் இழுக்கும். மொத்தம் 260-க்கு மேல். ஒவ்வொரு மோட்டாருக்கும் உள்ள பிரேக்கரோ 40 ஆம்பியர்தான். அது உடனே விழாது, சில விநாடி பொறுக்கும். பேட்டரி பொறுக்காது. 12 வோல்ட் 7 வோல்ட் அருகே சரியும். 2015-ல் வந்த ரோபோரியோ கன்ட்ரோலர் 6.3 வோல்ட்டுக்குக் கீழே போனால் மோட்டார்களை நிறுத்திவிடும். பவர் சப்ளை போதாத பிசி கேம் ஆடும்போது ரீஸ்டார்ட் ஆகுமே, அதே கதை. 2024-ல் ஆட்டமோ மொத்தமே இரண்டரை நிமிடம்தான்.

விகிதத்தை 12.75 ஆக்கினால் வேகம் 3.3 மீட்டராகக் குறையும், மோட்டாருக்கு 55 ஆம்பியர் போதும். சாஃப்ட்வேரில் கரன்ட் வரம்பு வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம், ஆனால் அப்போது தள்ளும் பலமும் குறையும். சாஃப்ட்வேர்காரனான நானே சொல்கிறேன், முதலில் கியரைத் திருத்துங்கள்.

இந்தக் கணக்குக்கு எக்ஸெல் போதும். மோட்டார் சுற்றை விகிதத்தால் வகுத்து, சக்கரச் சுற்றளவை மீட்டரில் பெருக்கி, 60-ஆல் வகுத்தால் விநாடி வேகம் கிடைக்கும். உராய்வுக்காக அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்ளுங்கள். அலுமினியத்தை வெட்டும் முன்பே இதைச் செய்துவிடுங்கள்.