மேட்டூர் மூடிய பிறகும் சாகுபடி: நுண்ணீர்ப் பாசன மானியம் பெறுவது எப்படி?

ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறப்பு, ஜனவரி 28-ல் மூடல். தஞ்சை டெல்டாவில் குறுவை, சம்பா, தாளடி எல்லாமே இந்த இரண்டு தேதிகளை நம்பித்தான் நடக்குது. அணையில் தண்ணீர் குறைந்தால் அந்தத் தேதியும் தள்ளிப்போகும். 2024-ல் ஜூலை 28-ல்தான் அணை திறக்கப்பட்டது.

மீதி நாலரை மாதத்துக்கு போர் தண்ணீர்தான் கதி. அதை வாய்க்காலில் விட்டுப் பாய்ச்சினால் பாதி வழியிலேயே வீணாகும், நிலத்தடி நீரும் இறங்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் நன்னீர் இறங்க இறங்க உப்புநீர் உள்ளே வரும். ஒருமுறை உப்பேறிய போரை மீட்பது கஷ்டம். அதனால், இருக்கிற தண்ணீரை அளந்து விடுவதுதான் வழி.

உங்க பயிருக்கு எது பொருந்தும்?

• கரும்பு, வாழை, தென்னை, பருத்தி, காய்கறி: சொட்டுநீர். தண்ணீர் வேரடிக்கு மட்டும் போகும். உரத்தையும் அதிலேயே கரைத்து விடலாம்.
• உளுந்து, பச்சைப்பயறு, நிலக்கடலை: தெளிப்புநீர் அல்லது மழைத்தூவான்.
• நடவு நெல்: காய்ச்சலும் பாய்ச்சலும் முறை. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதியுங்க. குழாய்க்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும், 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டுங்க. பூக்கும் பருவத்தில் மட்டும் வயலைக் காயவிடாதீங்க.

மானியம் எவ்வளவு?

சொட்டுநீர், தெளிப்புநீர்க் கருவிகளுக்கு சிறு, குறு விவசாயிகளுக்கு 5 ஏக்கர் வரை 100 சதவீதம். மற்றவர்களுக்கு 12.5 ஏக்கர் வரை 75 சதவீதம். அரசு நிர்ணயித்த தொகைக்குத்தான் இந்தக் கணக்கு. அதற்கு மேல் ஆகும் செலவு உங்களுடையது.

எப்படி விண்ணப்பிப்பது?

1. சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், புகைப்படம் தயார் செய்யுங்க. சிட்டாவையும் புல வரைபடத்தையும் அரசின் இ-சேவைத் தளத்திலிருந்து மொபைலிலேயே எடுக்கலாம்.
2. சிறு, குறு விவசாயி சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்க. இது இல்லாவிட்டால் 100 சதவீதம் கிடைக்காது.
3. உழவன் செயலியிலோ, 'மிமிஸ்' எனப்படும் நுண்ணீர்ப் பாசன இணையதளத்திலோ பதிவு செய்யுங்க. மொபைலில் சிரமமாக இருந்தால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்க. வாழை, காய்கறி போன்றவற்றுக்குத் தோட்டக்கலை அலுவலகம்.
4. அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தைத் தேர்வு செய்யுங்க. வயலை அளந்து, பணி ஆணை வந்த பிறகே குழாய் போட விடுங்க.

இதைக் கவனியுங்க

பலருக்கு விண்ணப்பம் நின்றுபோவது பட்டாவில்தான். நிலம் இன்னும் அப்பா, தாத்தா பெயரில் இருந்தால் முதலில் பெயர் மாற்றத்துக்கு மனு கொடுங்க. குத்தகை நிலம் என்றால், என்ன ஆவணம் தேவை என்று வேளாண்மை அலுவலரிடம் முன்கூட்டியே கேளுங்க.

கருவி போட்டதும் வேலை முடியவில்லை. வடிகட்டியை அடிக்கடி கழுவுங்க, இல்லாவிட்டால் சொட்டுவான்கள் அடைத்துக்கொள்ளும். அதே நிலத்துக்கு மறுபடி மானியம் வாங்க 7 ஆண்டுகள் ஆகணும். அதுவரை இந்தக் குழாய்கள்தான் உங்க கோடைச் சாகுபடியைக் காப்பாற்றணும்.